மூன்று எண்ணுவதற்குள்

பியோர்ண்டால், ஒஸ்லோ
22 செப்டெம்பர் 2024

நிலூஜா,

'அன்புள்ள' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பெயரே போதும்.

உமது விலாசத்தை மாமி தந்தார். பெற்ற தாயிடம் கூட நீர் ஒரு மாதம் கழித்துத்தான் விலாசம் சொல்லியிருக்கிறீர். கைபேசியில் எழுதலாமே என்று நினைப்பீர். திரையைப் பார்த்தால் எனக்கு எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. கடதாசியில் என்றால் இடது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு மெதுவாக எழுதலாம்.

இந்தக் கடிதத்தை நீர் உமது வழக்கறிஞருக்குக் காட்டுவீர் என்று எனக்குத் தெரியும். காட்டும். அதற்காகவே நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பிறகு யாரும் என் பேச்சைத் திரித்துச் சொல்லக்கூடாது.

ஜூன் எட்டாம் திகதி, சனிக்கிழமை. பழைய நகரத்து இடிபாடுகளுக்கு நடுவில் உங்கள் மத்தியகாலக் கழகத்தின் நாடகம். எழுநூறு வருடத்துக்கு முந்திய ஒஸ்லோ. நீர் ரிடர், அதாவது இளவரசனின் கவசவீரன். நான் ரொட்டி சுட்டு விற்கும் நகரத்துப் பெண். உமது படையாட்களைத் தங்கவைக்க என் வீட்டைப் பறிக்க வருகிறீர். நாடகத்தை எழுதி நடத்திய யூலியா ஓரத்தில் நின்று மூன்று வரை எண்ணுவார். ஒன்றில் நான் முழந்தாளிட வேண்டும். இரண்டில் நீர் வாளை ஓங்குவீர். மூன்றில் வாள் என் தலைக்கு மேலாகப் போய்ப் பக்கத்து மரத்தூணில் அடிக்கும். அதன்பின் நகரத்துச் சனம் திரண்டு உம்மை விரட்டவேண்டும். அந்தக் காட்சியைப் பார்க்க வந்தவர்கள் காணவேயில்லை. வாள் என் முகத்தில் அடித்தது.

கண்ணுக்குக் கீழே எலும்பு உடைந்து இரண்டு சத்திரசிகிச்சை. எட்டு வருடம் மற்றவர்களின் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்த பிறகுதான் எனக்கு பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது என்பது உமக்குத் தெரியும். பரீட்சைக்கு என்னைப் படிப்பித்ததே நீர்தான். தெருவின் நடுக்கோடு இரண்டாகத் தெரிகிறவளிடம் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

நாடகத்துக்கு மூன்று கிழமை முன்பு எங்கள் குசினியில் நீர் என்ன சொன்னீர் என்பதையும் எழுதிவிடுகிறேன். பொலிஸ் கல்லூரியிலிருந்து உமக்கு வந்த கடிதத்தை யாரோ உடைத்து வாசித்து, நீர் பொலிஸ் வேலைக்குப் போகப் போகிறீர் என்று மாமியிடம் சொல்லிவிட்டார்கள்.

"நீங்கள்தானே மச்சாள் உடைச்சனீங்கள்?" என்று கேட்டீர்.

"நான் உடைக்கேல்லை."

"பொய் சொல்லாதேங்கோ. இதை நான் மறக்கமாட்டன்."

இதைப் பொலிஸிடமும் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது?

உம்மிடம் ஒன்றுதான் கேட்கவேண்டும். அன்று நடந்தது கைதவறி நடந்ததா, மறக்காமல் நடந்ததா?

அஜந்தா


பாட்ஸ்பியோர்ட்
5 ஒக்டோபர் 2024

மச்சாள்,

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. என் தமிழில் பிழை இருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு என் தமிழ் நின்றுவிட்டது. ஆனால் நோர்வே மொழியில் எழுதினால், வேண்டுமென்றே உங்களைத் தாழ்த்துகிறேன் என்று நினைப்பீர்கள். இப்போதெல்லாம் நான் எதைச் செய்தாலும் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள்.

நான் ஓடி ஒளியவில்லை. "இந்த வீட்டில உனக்கு இனி இடமில்லை" என்று சுரேன் அண்ணா சொன்னார். அவருடைய மனைவி நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள், வாய் திறக்கவில்லை. உங்கள் அன்மெல்டெல்சவால், அதுதான் பொலிஸில் நீங்கள் கொடுத்த முறைப்பாட்டால், கல்லூரியில் என் இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கு எனக்கு எதிராக முடிந்தால் அது போய்விடும். அதுவரை இங்கே நாட்டின் வடக்கு முனையில் ஒரு மீன் ஆலையில் மீன் வெட்டுகிறேன். அப்பாவோடு முந்தி இதே ஆலையில் வேலைசெய்த ஸ்ரீஸ்கந்தராசா மாமாதான் வேலை எடுத்துத் தந்தார். அறையும் அவருடைய வீட்டில்தான். காலை ஆறு மணிக்கு இறப்பர்ச் சப்பாத்து, இறப்பர் ஏப்ரன். கவசத்தைவிடப் பாரம் குறைவு.

கேட்டதற்குப் பதில்: கைதவறியும் இல்லை, மறக்காமலும் இல்லை. இரும்புத் தொப்பியில் கண்ணுக்கு நேரே ஒரு விரல் அகலம்தான் திறப்பு. அதற்குள்ளால் நான் எதையும் காணவில்லை. யூலியா எண்ணினார், நான் வீசினேன். பொலிஸிடமும் இதையே சொன்னேன்.

இப்போது நான் கேட்கிறேன். என் வாள் முப்பது ஒத்திகையிலும் ஒரே உயரத்தில்தான் போனது. தூணில் இருக்கும் வெட்டெல்லாம் என் தோள் உயரத்தில். முழந்தாளிட்டிருந்த ஒருவரின் முகம் அந்த உயரத்துக்கு எப்படி வரும்? அன்று சனத்தில் ஒருவர் எடுத்த வீடியோவை என் வழக்கறிஞர் காட்டினார். அதில் என் முதுகு மட்டும்தான் தெரிகிறது. என் முதுகு உங்களை மறைத்ததில் உங்களுக்கு நல்ல அதிர்ஷ்டம்.

கடிதத்தை உடைக்கவில்லை என்று இன்னும் சொல்கிறீர்கள். தபால்பெட்டியைப் பூட்டித் திறக்கும் திறப்பு உங்களிடமும் அண்ணாவிடமும்தான் இருந்தது. அண்ணா மற்றவர்களின் கடிதத்தைத் தொடமாட்டார்.

நிலூஜா


பியோர்ண்டால், ஒஸ்லோ
27 ஒக்டோபர் 2024

நிலூஜா,

அதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கிறீர். அந்தச் சொல்லை நான் நாலு நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

வாளைத் தாழ்த்தி வீசினால் முகம் எந்த உயரத்தில் இருந்தாலும் படும். தூணில் இருக்கும் குறிகள் ஒத்திகையில் விழுந்தவை. அன்றைய குறி எது என்று தூண் சொல்லுமா? பொலிஸ்காரர் நாடாவைப் பிடித்து அளந்துவிட்டு, "இதை வைத்து ஒன்றும் முடிவுசெய்ய ஏலாது" என்றுதான் சொன்னார். உம்முடைய வழக்கறிஞர் இதை உமக்குச் சொல்லவில்லையா?

வியாழக்கிழமை குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது யூலியா வந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு அழுதார். பிறகு, "நிலூஜா ஒத்திகை வீடியோக்கள் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னாள். உங்களுக்குத் தெரியும்தானே?" என்றார். எனக்குத் தெரியாது. எதற்கு அவை? நான் எத்தனை தடவை பிழைவிட்டேன் என்று எண்ணவா?

வாரும், நான் சொல்லித் தருகிறேன். கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனது நீர். "வாங்கோ மச்சாள், சனத்தோட பழகலாம், மொழியும் வரும்" என்றீர். வந்தேன். இருபத்துமூன்று பேருக்குப் பாவாடையும் சட்டையும் தைத்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கவசம் போட்டவர்கள் நீளமேசையில் இருப்பீர்கள். துணி உடுத்த நாங்கள் புல்லில் இருப்போம். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. கவசம் வாங்க வசதியும், வாள் பழக வருடக்கணக்கில் நேரமும் உள்ளவர்கள் ரிடர்கள். நேற்று வந்தவர்கள் நகரத்துச் சனம். அந்தக் காலத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஒருநாள் உம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். நீரும் சிரித்தீர். சிரித்துவிட்டு மேசைக்குப் போய்விட்டீர்.

உம்மீது எனக்குப் பொறாமை என்று வழக்கறிஞரிடம் சொல்லும். அது அவருக்கு உதவும்.

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணன் இரண்டுதரம் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, "மருமகள் என்ன மாதிரி, நல்லா நடந்து திரியிறாவோ?" என்று விசாரித்திருக்கிறார். அவரை யார் விசாரிக்கச் சொன்னது? நான் எழுந்து நடக்கிறேனா, சமைக்கிறேனா என்று குறிப்பு எடுக்கிறீர்களா?

அஜந்தா


பாட்ஸ்பியோர்ட்
16 நவம்பர் 2024

மச்சாள்,

மாமா விசாரித்தது அன்பில். நான் ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. நம்பாவிட்டால் விடுங்கள்.

வீடியோவை எதற்குக் கேட்டேன் என்று மறைக்கமாட்டேன். என்னைக் காப்பாற்றத்தான். ஐந்து கிழமையாக வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இங்கே மூன்று மணிக்கே இருட்டிவிடும், பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. முதல் ஒத்திகைகளில் யூலியா 'ஒன்று' சொல்லி முடிக்கும்போது நீங்கள் நிலத்தில் இருக்கிறீர்கள். எங்கள் சண்டைக்குப் பிறகு நடந்தவை நாலு. அவற்றில் ஒவ்வொரு தடவையும் நீங்கள் பிந்துகிறீர்கள். கடைசி ஒத்திகையில் 'இரண்டு' சொன்ன பிறகும் நிற்கிறீர்கள். யூலியா கத்துகிறார், அதற்குப் பிறகுதான் முழந்தாளிடுகிறீர்கள்.

இதை நான் வழக்கறிஞருக்கு அனுப்ப இருந்தேன். அனுப்பவில்லை. காரணம் வேறு.

போன ஞாயிறு சுரேன் அண்ணா எடுத்தார். ஐந்து மாதத்துக்குப் பிறகு. முதலில் குளிரைப் பற்றிக் கதைத்தார். பிறகு திடீரென்று சொன்னார்.

"அந்தக் கடிதத்தை உடைச்சது நான்தான், நிலூ."

எனக்கு விளங்கவில்லை.

"பொலிஸ் எண்ட முத்திரையைக் கண்டவுடன பயந்திட்டன். எங்களில ஆருக்கும் ஏதும் பிரச்சினையோ எண்டு. பிறகு வாசிச்சுப்போட்டு அம்மாவுக்குச் சொன்னன். அப்பா இஞ்சை வர முதல், அங்கை ஊரில சீருடைக்காரர் வந்து அவரை இழுத்துக்கொண்டு போனதை அம்மா மறக்கேல்லை. நீயும் அதைப் போடக்கூடாது எண்டு அம்மா சொன்னால் நீ கேப்பாய் எண்டு நினைச்சன்."

"அப்ப மச்சாள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

மச்சாள், செய்யாத ஒன்றுக்காக உங்களைப் பொய்காரி என்றேன். மன்னிப்புக் கேட்கிறேன். அம்மாவுக்கு முன்னால் வந்தும் கேட்பேன்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் முழந்தாளிட்டீர்களா?

நிலூஜா


பியோர்ண்டால், ஒஸ்லோ
12 ஜனவரி 2025

நிலூஜா,

எட்டுக் கிழமையாக உன் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. பதில் தெரியாததால் அல்ல.

கடிதத்தை உடைத்தது சுரேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அவருடைய கோட்டுப் பையில் உறையைக் கண்டேன். "தங்கச்சி என்னை வெறுத்திடுவாள், நீர் ஒண்டும் சொல்லாதையும்" என்று கெஞ்சினார். கட்டியவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ என்னைக் கேட்டால் இல்லை என்பேன், நீ நம்புவாய், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ நம்பவில்லை. பதினொரு வருடம் ஒரு வீட்டில் இருந்து, ஒரு சட்டியில் சாப்பிட்ட பிறகும் நீ என் சொல்லை நம்பவில்லை. உன் அண்ணனைப் பற்றி உனக்கு ஒரு கணம் கூடச் சந்தேகம் வரவில்லை. வெளியில் இருந்து வந்தவள் நான்தானே.

அதற்குப் பிறகும் ஒத்திகைக்கு வந்தேன். உனக்கு முன்னால் முழந்தாளிட்டேன். அந்த நாடகத்தில் எனக்கு ஒரேயொரு வசனம் இருந்தது, ஞாபகமா? "கருணை காட்டுங்கள், ஐயா." அதைப் பஸ் ஓட்டும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகியவள் நான், உச்சரிப்புப் பிழைத்தால் சனம் சிரிக்கும் என்று. சண்டைக்குப் பிறகு அது நாடக வசனமாக என் வாயில் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்பது போலவே இருந்தது, செய்யாத குற்றத்துக்கு.

அன்று முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமியும் முன்வரிசையில் இருந்தார். யூலியா 'ஒன்று' என்றார். என் முழங்கால் மடியவில்லை. மடிக்கவில்லை என்றே எழுதவேண்டும். வசனத்தையும் நான் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்றேன். நீ நிறுத்துவாய், நாடகம் குழம்பும், சனத்துக்கு முன்னால் நீ வெட்கப்படுவாய் என்றுதான் நினைத்தேன். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வைத்தியசாலையில் மயக்கம் தெளிந்ததும் பொலிஸ்காரி கட்டிலடியில் இருந்தாள். "நீங்கள் முழந்தாளிட்டிருந்தீர்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்ற எத்தனை சொல். நட்டஈடு கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் கூட அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை தனியாகப் பொலிஸுக்குப் போனேன். சுரேனுக்குச் சொல்லவில்லை. முன்பு சொன்னது பொய், நான் நின்றுகொண்டிருந்தேன் என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். பொய் வாக்குமூலத்துக்கு என்மீது நடவடிக்கை வரலாம் என்று அதிகாரி சொன்னார். வரட்டும். நட்டஈட்டு விண்ணப்பத்தையும் திரும்பப் பெற்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாமிக்குச் சொன்னேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தினார். பிறகு, "நீ நிண்டதை நான் கண்டனான்" என்றார். அவரிடம் யாரும் கேட்கவில்லையாம். மகளா மருமகளா என்று அவரும் ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அஜந்தா


பாட்ஸ்பியோர்ட்
26 ஜனவரி 2025

மச்சாள்,

புதன்கிழமை வழக்கறிஞர் எடுத்தார். வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். கல்லூரியும் ஓகஸ்ட்டில் வரச் சொல்லி எழுதியிருக்கிறது. ஸ்ரீஸ்கந்தராசா மாமா ஆலையில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போய்த் துப்பினேன்.

நான் உங்களைக் கண்டேன்.

தொப்பியின் திறப்பு ஒரு விரல் அகலம் என்பது உண்மை. ஆனால் அது என் கண்ணுக்கு நேரே இருக்கிறது. நீங்கள் முழந்தாளிட்டால் அதற்குள் தூரத்து மரங்களும் சனமும் தெரியும். அன்று உங்கள் முகம் தெரிந்தது. நீங்கள் வாயை இறுக்கி மூடியிருந்தீர்கள்.

'ஒன்று' முடிந்துவிட்டது. 'இரண்டு' என்றபோது நான் உங்களைக் கண்டேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். கையை இறக்கினால் போதும், அவ்வளவுதான். ஆறு வருடம் வாள் பழகியவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான் ஓங்கினேன். 'இப்ப முழந்தாளிடுவா, பயந்து விழுவா' என்று நினைத்தேன். உங்களைப் பயப்படுத்த எனக்கு ஆசையாக இருந்தது. வெட்ட நினைக்கவில்லை, அம்மாவாணை. ஆனால் பயப்படுத்த நினைத்தேன். நீங்கள் பயப்படவில்லை. 'மூன்று' வந்தபோது கை என் பேச்சைக் கேட்கவில்லை. மணிக்கட்டை மட்டும் திருப்ப முடிந்தது.

எதையும் காணவில்லை என்று பொலிஸிடம் சொன்னேன். உங்களுக்கும் எழுதினேன். வீடியோக்களைப் பார்த்து உங்களுடைய பிழையை எண்ணிய அந்த ஐந்து கிழமையும், என்னுடைய பிழை எது என்று எனக்குத் தெரியும்.

பெப்ரவரி பதின்மூன்றாம் திகதி விமானத்தில் ஒஸ்லோ வருகிறேன். பதினான்காம் திகதி காலையில் பொலிஸில் நேரம் எடுத்திருக்கிறேன். வழக்கறிஞர் "இது பைத்தியக்காரத்தனம், வழக்கு முடிந்துவிட்டது" என்றார். கல்லூரி என்ன சொல்லும் என்று தெரியாது. இப்படி ஒரு பொய்யை வைத்துக்கொண்டு நான் அந்தச் சீருடையைப் போட்டால், அம்மா பயந்தது சரியாகிவிடும்.

கழகத்துச் சிநேகிதி டிலக்சியின் வீட்டில் தங்குவேன். உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன்.

நிலூஜா


பியோர்ண்டால், ஒஸ்லோ
4 பெப்ரவரி 2025

நிலூஜா,

நீ கண்டாய் என்பது எனக்கு ஜூலை மாதமே தெரியும்.

சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சொன்னார்: "வாளின் தட்டைப் பக்கம் பட்டிருக்கிறது. விளிம்பு பட்டிருந்தால் நாங்கள் இருவரும் இப்படிக் கதைத்துக்கொண்டு இருக்கமாட்டோம்." வாள் தானாகத் திரும்பாது. பிடித்திருந்த கை திருப்பினால்தான் திரும்பும். கண்டவளின் கைதான் திருப்பும். படுக்கையில் கிடந்து இதை நான் எத்தனை நாள் உருட்டியிருப்பேன். அவள் கண்டுவிட்டுத்தான் அடித்தாள் என்று ஒரு பொழுது நினைப்பேன். கண்டுவிட்டுத்தான் திருப்பினாள் என்று மறுபொழுது நினைப்பேன். முதலாவதை நம்பத்தான் எனக்கு விருப்பமாக இருந்தது. அதனால் வைத்தியர் சொன்னதை நான் யாருக்கும் சொல்லவில்லை. போன மாதம் பொலிஸில் உண்மை சொல்லப் போனபோதும் இதைச் சொல்லாமல் வந்தேன். அதைச் சொல்லவேண்டியவள் நீ.

பதினான்காம் திகதி நீ போகவேண்டாம் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எழுதமாட்டேன். போ. கல்லூரி மறுத்தால் எனக்குக் கவலையாக இருக்கும், அதுவும் உண்மை. வேண்டுமென்றால் வாசல்வரை நான் வருகிறேன். உள்ளே உன்னோடு வந்து இருக்கமாட்டேன்.

நேரே பார்த்தால் இப்போது ஒன்றாகத் தெரிகிறது. இடப்பக்கம் திரும்பினால் இன்னும் இரண்டு. பஸ்ஸைப் பற்றி மார்ச் மாதம் சொல்வார்களாம். சுரேனோடு தேவைக்கு மட்டும் கதைக்கிறேன். அவர் தினமும் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்து வைக்கிறார். குடிக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. இனிச் சந்தேகம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருக்கிறது. உனக்கும் அப்படி இருக்கிறதா தெரியாது, வரும்போது சொல்.

டிலக்சியின் வீட்டுக்குப் போகாதே. மாமியும் நானும் பேசிவிட்டோம். உன் அறையில் உடுப்புக் காயப்போட்டு வந்தோம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஜூனிலிருந்து ஹீற்றர் போடாத அறை, சுவரெல்லாம் சில்லென்று இருக்கிறது. பன்னிரண்டாம் திகதியே ஹீற்றரைப் போட்டுவிடுகிறேன். சூடாக ஒரு நாள் எடுக்கும்.

அஜந்தா